இரண்டு விரல் ஜன்னல்

லெனேசியா, ஜோஹானஸ்பர்க், தென்னாப்பிரிக்கா, 2023 குளிர்காலம்

ஜூலை 1, சனி

மாமா அறைக்கு கேஸ் ஹீட்டர் வந்துவிட்டது. சக்கரம் வைத்தது, முதுகில் 9 கிலோ சிலிண்டர். மூன்று பலகையும் செக்கச்செவேல் என்று எரிகிறது. மாமா கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் தலைமுடியைப் பார்க்கிறேன்.

ஜூலை 2

ரெகுலேட்டர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. சரி.

ஜூலை 3

ஜன்னல் சண்டை. "காசு குடுத்து வாங்கின சூட்டை வெளியே விடுறியேம்மா" என்கிறார்.

கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே நாற்றம் கலந்துதான் விற்கிறார்கள். என் பயம் அது இல்லை. அடைத்த அறையில் ஹீட்டர் எரிந்து எரிந்து காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது. தலை வலிக்குமாம், குமட்டுமாம், தூக்கம் அசத்துமாம். 78 வயதுக்காரருக்குத் தலை வலிக்காத நாள் எது, தூக்கம் அசத்தாத மத்தியானம் எது? எதை வைத்து நான் கண்டுபிடிப்பது?

இரண்டு விரல் அளவு திறந்தேன். அடுப்படிக்குப் போய் வருவதற்குள் மூடியிருந்தார். திறந்தேன். படுக்கும்முன் ஹீட்டரை நானே அணைத்தேன். காலையில் பார்த்தால் இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 5

மாமா தலை வலிக்கிறது என்றார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, போர்வையோடு வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கடைசியில் காலைக் காபி குடிக்காத தலைவலி. எதிர்வீட்டு அம்மா சிரித்ததை நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 7

பாக்ஸ்பர்க் பக்கம் ஆஞ்சலோ குடிசைப் பகுதியில் சிலிண்டர் கசிந்து, முதலில் 24 பேர் பலி என்றார்கள், இப்போது 17. குழந்தைகளும். நம் வீட்டு கேஸ் இல்லை அது, திருட்டுத்தனமாகத் தங்கம் பிரிக்கிறவர்கள் வைத்திருந்த ஏதோ விஷ வாயு. தெரியும். ஆனாலும் ராத்திரி மூன்று தடவை எழுந்து போனேன்.

ஜூலை 9, ஞாயிறு

நாத்தனார் இன்று டர்பனிலிருந்து கிளம்பவில்லை. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் லாரிகளுக்குத் தீ வைத்துவிட்டார்களாம், சாலை மூடல். வீட்டிலேயே இரு என்றேன். "வேப்பிலை வாடிடும் அண்ணி" என்கிறாள்!

ஜூலை 10

பனி! ஜோஹானஸ்பர்கில் 2012-க்குப் பிறகு இன்றுதான். பாப்பா நாக்கை நீட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறாள். அம்மாவுக்கு வீடியோ காட்டினேன். "ஜூலையில பனியா? இங்க காரைக்குடியில தார் உருகுது" என்றாள்.

மாமா பார்ப்பதற்காக அவரே ஜன்னலைத் திறந்தார். முழுசாக. பிறகு மூடினார். முழுசாக.

ஜூலை 12

இது என் தப்பு, எழுதி வைக்கிறேன். பருப்பு வெந்துகொண்டிருந்தபோது லோட்ஷெட்டிங், முறைவைத்துக் கரண்ட் நிறுத்துகிற நேரம். சட்டியை இறக்கினேன், கரண்ட் அடுப்பின் குமிழை அணைக்கவில்லை. மெழுகுவர்த்தியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. மேடையில் இடமில்லை என்று பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி அடுப்பு மேல் வைத்தேன். பத்தரைக்குக் கரண்ட் வந்தது. நாங்கள் எல்லாரும் படுத்தாயிற்று. எழுப்பியது மாமா. "ஏதோ தீயுது பாரும்மா."

கூடையின் அடிப்பாகம் பாகு மாதிரி அடுப்புத் தட்டில் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன், முழுசாக வரவில்லை. நீல நிறம்.

மாமா யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் விஷயத்திலும் இன்று நான் வாய் திறக்கவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்தது. வருகிற ஞாயிறு கூழ். 60 பேர் வருவார்கள், குழந்தைகளைச் சேர்க்காமல்.

ஜூலை 19

மாலை ஐந்தரை மணி போல் டவுனில் லிலியன் இங்கோயி தெரு வெடித்துப் பிளந்துவிட்டது. டாக்ஸி வண்டிகள் பொம்மை மாதிரி கவிழ்ந்து கிடக்கின்றன. இவர் அந்தத் தெருவில்தான் வண்டி பிடிப்பார். போன் எடுக்கவில்லை.

6.10 எடுக்கவில்லை.

6.40 எடுக்கவில்லை.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

7.25 வந்தார். போனில் சார்ஜ் இல்லையாம். சார்ஜ்!

ஜூலை 20

பேசவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

விறகடுப்பை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, முற்றத்தின் நடுவில் போட வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். சுற்றிலும் கயிறு, உள்ளே குழந்தைகள் வரக்கூடாது. இவர் "போலீஸ் ஸ்டேஷனா இது?" என்று கேட்டார்.

புளித்த சோளமாவுக் கூழ் பொங்கிவரும்போது சின்ன மாமி துடுப்போடு குனிந்தார். நைலக்ஸ் புடவை. முந்தானையைச் செருகவில்லை. நுனியில் ஒரு கருப்பு வளையம் விரிவதைப் பார்த்தேன், தீ கூட இல்லை, வளையம்தான். வாளியை எடுத்து அப்படியே ஊற்றினேன். இடுப்புக்குக் கீழே மாமி முழுக்க நனைந்தார். ஓட்டை இரண்டு ராண்டு காசு அளவு. "புதுப் புடவைடி!" என்று திட்டிக்கொண்டே ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்தார். ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள் என்றேன். அதற்கும் திட்டு.

கூழும் பூசணிக்காயும் கருவாடும் நாலு மணிக்கே தீர்ந்துபோயின. வேப்பிலை வாடவில்லை.

ஜூலை 25

மாமாவுக்கு இருமல். ஜன்னலால்தான் என்கிறார். இருக்குமோ?

ஜூலை 26

சிலிண்டர் தீர்ந்தது. புதுசு நாளைக்கு. சோப்புத் தண்ணீர் கலக்கி வைத்துவிட்டேன்.