கலியாணக் காட் லிஸ்ட்டுக்கு இட்டரேட்டர் எழுதிப் பார்த்தன்

அக்காட கலியாணத்துக்கு காட் குடுக்கிற வேலை என்ட தலையிலதான். மட்டக்களப்புல கல்லடியில இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் கல்முனை ரோட்டால மோட்டர் சைக்கிள்ல போகணும். அம்மா சொல்லச் சொல்ல பைதன் எண்ட புரோகிராம் மொழியில ஒரு லிஸ்ட்டா அடிச்சன், ஊருக்குள்ள ஒழுங்கை, ஒழுங்கைக்குள்ள வீடு, ஆனா எல்லா இடமும் ஒரே மாதிரி இல்ல, கல்லடியில பெரியம்மா வீடு மட்டும் எண்டதால அது நேர வெளி லிஸ்ட்டுலயே கிடக்கு, அதுக்குப் பொறகு ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் எண்டு போகுது. எனக்கு வேண்டியது அடுத்த வீடு எது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டா ரோட்டு வரிசையிலயே சொல்லணும், அப்பிடிச் சொல்றதுக்குத்தான் இட்டரேட்டர் எண்டு பேர், அவ்வளவுதான்.

முதல்ல பைதனோட வாற ஐடர்டூல்ஸ்ல இருக்கிற, லிஸ்ட்டுகளை ஒண்டாக் கோக்கிற செயின் போட்டன். அது ஒரு தட்டு மட்டும்தான் பிரிக்கும், அதோட வெளியில நிண்ட பெரியம்மா வீட்டுப் பேரையும் பிரிச்சுப்போட்டுது. கல்லடி எண்ட சொல்லே 6 துண்டு: க, ல, புள்ளி, ல, ட, கடைசில இகரக் குறி தனிய. நமக்கு நாலு எழுத்து, பைதனுக்கு ஆறு. பொறகு லூப் ஓடக்கூடிய எதையும் உள்ள போய்ப் பிரி எண்டு ரிகர்ஷன்ல (தன்னைத்தானே கூப்பிடுற ஃபங்ஷன்) எழுதினன், ரிகர்ஷன் எரர் வந்திச்சு. காரணம் ஒரே எழுத்து உள்ள ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை)ப் பிரிச்சாலும் அதே ஸ்ட்ரிங்தான் திரும்ப வரும், அப்ப முடிவே இல்ல, 1000 தரம் எண்ட எல்லையில பைதனே நிப்பாட்டிடும். லிஸ்ட்டா எண்டு பார்த்து லிஸ்ட்டா இருந்தா மட்டும் உள்ள போ எண்டு மாத்தினதும் சரி வந்திச்சு. யீல்ட் ஃப்ரம் (உள்ளுக்குள்ள இருந்து வாறதை ஒவ்வொண்டா வெளியில குடுக்கிற கட்டளை) போட்டா மொத்தமும் ஆறு வரிதான், அது பைதன் 3.3ல, 2012ல வந்தது, அழகான சாமான்.

ஆனா ஒரு நாள்ல எல்லா வீடும் முடியாது. லாப்டொப்பை மூடிட்டு அடுத்த நாள் விட்ட இடத்துல இருந்து தொடங்கணும், ஆனா யீல்ட் போட்டுக் கிடைக்கிற ஜெனரேட்டரை பிக்கிள் பண்ணி (நிலையை அப்பிடியே சேவ் பண்ணி) ஃபைல்ல வைக்க ஏலாது. அதால நானே கிளாஸ் ஒண்டு எழுத வெளிக்கிட்டன், ஸ்டாக் (ஒண்டுக்கு மேல ஒண்டா வைக்கிற அடுக்கு) வச்சு.

இங்கதான் ரெண்டு இரவு போச்சு. முதல் தரம் வெளி லிஸ்ட்டுல உள்ளதெல்லாத்தையும் அப்பிடியே ஸ்டாக்ல கொட்டினன், கடைசியாப் போட்டதுதானே முதல்ல வரும், களுவாஞ்சிகுடி முன்னுக்கு வந்து நிண்டுது. திருப்பிப் போட்டு சமாளிக்கலாம், ஆனா எனக்கு அது பிடிக்கல்ல. நாம ஒழுங்கைக்குள்ள போனா எந்த வளவு வரைக்கும் முடிச்சம் எண்டதை மட்டும்தானே மனசில வச்சிருப்பம், ஊர் முழுக்கத் தூக்கிட்டா திரியிறம்? அப்பிடியே ஸ்டாக்ல ஒவ்வொரு தட்டுக்கும் லிஸ்ட்டும் அடுத்த இன்டெக்ஸும் (அடுத்தது எத்தினையாவது எண்ட இலக்கம், பைதன் 0ல இருந்து எண்ணும்) மட்டும் வச்சன். லிஸ்ட் முடிஞ்சா மேலால எடுத்துட்டு திரும்பப் பார்க்கணும். அந்த இடத்துல வைல் (திரும்பத் திரும்பப் பார்க்கும்) போடாம இஃப் (ஒரு தரம்தான் பார்க்கும்) போட்டிருந்தன், களுதாவளையில ஒரு ஒழுங்கை வெறுமையாக் கிடந்தது, அங்க வீட்டுப் பேருக்குப் பதிலா நன் (None, ஒண்டும் இல்ல) வந்திச்சு. வெறும் லிஸ்ட் எத்தினை அடுக்கா இருந்தாலும் உண்மையான வீடு ஒண்டு கிடைக்கிற வரைக்கும் சுத்தணும், ஸ்டாக்கே வெறுமையானாத்தான் ஸ்டாப் இட்டரேஷன், அதாவது இனி ஒண்டும் இல்ல எண்ட சைகை.

சேவ் பண்றதுக்கு இன்டெக்ஸ் மட்டும் போதும். முதல் நாள் பின்னேரம் [5, 2, 4] எண்டு எழுதி வச்சிட்டு நிம்மதியாப் படுத்தன். காலையில திறந்தா செட்டிபாளையத்துல நிக்குது, நான் நிப்பாட்டினது குருக்கள்மடத்துல! யோசிச்சுப் பார்த்தா, உள்ள இறங்க முதலே இன்டெக்ஸைக் கூட்டிடுறன், அப்ப 5 எண்டது அடுத்த ஊர், நான் நிக்கிற ஊர் 4. திரும்பக் கட்டும்போது கடைசித் தட்டைத் தவிர மத்ததுல ஒண்டு குறைக்கணும். குறைச்சதும் குருக்கள்மடம், ரெண்டாவது ஒழுங்கை, அஞ்சாவது வீடு, சரியா வந்து நிண்டுது. அந்த நேரம் வந்த சந்தோசம் பெரிசு.

வெளிக்கிடுறன், அம்மா குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டா. "மகன், தாழங்குடா ரீச்சர் வீட்டை விட்டுப்போட்டம், அதையும் சேர்." தாழங்குடாவுக்குள்ள சேர்த்தா இட்டரேட்டர் அதைக் கடந்திட்டுது, இனிக் காட்டாது. வெளி லிஸ்ட்ட கடைசியில தனியாப் போட்டன், திரும்பி வாற வழியில குடுக்கலாம்.