ஐந்தரை மில்லிமீட்டர் வித்தியாசம்: பழைய மவுசர் துப்பாக்கியின் ஸ்டாக்கை அடையாளம் கண்ட கதை

இலக்குச் சுடுதலுக்காக மாற்றப்பட்ட ஸ்வீடிஷ் ராணுவத் துப்பாக்கியான மவுசர் எம்96 ஒன்று என்னிடம் வந்து ஆறு மாதமாகிறது. ரிசீவரில், அதாவது குழல் பூட்டியிருக்கும் எஃகுக் கூட்டில், முன்வளையத்தின் மேல் கிரீடமும், கார்ல் குஸ்டாஃப் தொழிற்சாலையின் பெயரும், 1908 என்ற ஆண்டும் தெளிவாக இருக்கின்றன. அதைத் தாங்கும் மரக்கட்டை, அதாவது ஸ்டாக்தான் குழப்பம். அகலமான முன்கட்டை, உயரமான கன்னமேடு, பிஸ்டல் பிடி, அடியில் ஹேண்ட்ஸ்டாப் (முன்கை முட்டி நிற்கும் தடுப்பு) ஓடுவதற்கு ஒரு தண்டவாளம். எங்குமே பெயர் இல்லை.

1960-களில் ஸ்வீடனிலேயே எம்96-களைப் போட்டிக்காக மாற்றி சிஜி63 என்று வெளியிட்டார்கள், அதில் ஒன்றாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிஜி63-இன் ஸ்டாக் ராணுவ வடிவத்தைக் குறுக்கியதுதான், குழலுக்கு மேல் மரக் கைக்காப்பும் இருக்கும். என்னுடையதில் கைக்காப்பே இல்லை, அதற்கான பள்ளமும் இல்லை. ராணுவ ஸ்டாக்கில் தோளில் வைக்கும் பின்பகுதியான பட்டின் வலது பக்கம் இருக்கும் பித்தளை வட்டு, பட்டின் முனையை மூடும் பட் பிளேட்டில் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், இரண்டையும் தேடினேன். இல்லை. பழைய கட்டையைச் செதுக்கி மாற்றியிருந்தால் வட்டு இருந்த இடத்தில் ஒட்டுப்போட்ட தடமாவது தெரியும், அதுவும் இல்லை. ஆக, இது வெளியில் வாங்கிப் பூட்டிய ஸ்டாக். எந்தத் துப்பாக்கிக்காகச் செய்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

வெளித்தோற்றத்தை வைத்து ஸ்டாக்குக்குப் பெயர் சூட்டுவதை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வார்சா என்ற சிற்றூரிலிருந்து பிஷப், ஃபேயன் என்ற இரண்டு நிறுவனங்களும் அரைகுறையாகக் குடைந்த ஸ்டாக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தன, மீதியை வாங்கியவர் வீட்டில் உளியும் அரமும் வைத்து முடிப்பார். கன்னமேட்டின் வளைவு, முனையில் ஒட்டிய கருமரம், வெள்ளைக் கோடு, இவையெல்லாம் கடைசியில் முடித்தவரின் கை. உள்ளே இயந்திரம் குடைந்த பகுதி மட்டும்தான் பொய் சொல்லாது.

சரி, கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். குண்டு உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, சேம்பரை மூடித் திறக்கும் போல்ட்டை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டேன். கழற்றுவதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி ஒன்றில் முன்கட்டையைக் கழற்றாமலே பட்டைப் பிடித்திருக்கும் உள்போல்ட்டைத் திருகிவிட்டேன். அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்துக்குள் நுழைந்து நிற்கும், திருகியதும் நல்ல வால்நட் முன்கட்டை பிளந்துபோனது. இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது. மவுசரில் அந்தச் சிக்கல் இல்லை, ஒரே கட்டை, கீழே இரண்டு திருகு, அவ்வளவுதான். ஆனாலும் அன்றிலிருந்து நான் அவசரப்படுவதில்லை.

ரிசீவரைத் தூக்கியதும் கண்ணில் பட்டது எபாக்சிப் பசை. முன்வளையம் உட்காரும் பள்ளத்தில் சீராக ஒரு ஓடு மாதிரிப் படிந்திருந்தது. தடிமன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். ஆட்டம் போக்கப் பூசியது என்றால் இவ்வளவு சமமாகவா இருக்கும்? எம்96-இன் வளையம் 33 மில்லிமீட்டர் விட்டம், மவுசர் 98 என்ற இன்னொரு ரகத்தின் பெரிய வளையம் ஏறத்தாழ 35.8. கழித்துப் பாருங்கள், பாதி அப்படியே 1.4 வருகிறது.

அப்புறம் பின்திருகுத் துளை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் துளையின் பின்விளிம்பை ஒட்டி ஒரு பிறை, சுற்றியுள்ள வால்நட்டைவிட வெளிர்நிற மரம், ரேகையும் வேறு திசை. பழைய துளையை ஆப்பு வைத்து அடைத்து, அந்த ஆப்பையே கொஞ்சம் தின்றுகொண்டு புதிய துளை போட்டிருக்கிறார்கள். பிறையின் வளைவைத் தாளில் ஒற்றியெடுத்து, காம்பஸால் முழு வட்டமாக்கி, பழைய நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தேன். முன்துளையிலிருந்து அதற்கு 199 மில்லிமீட்டர். இப்போதைய துளைக்கு 193.5. மவுசர் 98-இன் திருகு இடைவெளி 7.835 அங்குலம், எம்96-க்கு ஏறத்தாழ 7.62 அங்குலம். மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. ரிசீவர் வாலுக்குப் பின்னால் நகக்கண் அகலத்தில் ஒரு மரத்துண்டு செருகியிருப்பதை இவ்வளவு நாள் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன், அதுவும் அதே ஐந்தரை மில்லிமீட்டரை மூடத்தான். அடியில் விசையைச் சுற்றி நிற்கும் டிரிகர் கார்டின் பின்னாலும் அதேபோல் ஒன்று.

குழல் பள்ளமும் ஒத்துப்போகிறது. ராணுவ 98-இன் குழல் படிப்படியாகச் சிறுக்கும், அதன் ஸ்டாக்கிலும் அந்தப் படிகள் இருக்கும். இதில் படியே இல்லாமல் நேராக, தாராளமாகக் குடைந்திருக்கிறது. அதாவது 98-க்கென்று கடையில் விற்ற ஸ்டாக், யாரோ கைதேர்ந்தவர் எம்96-க்கு இழைத்துப் பொருத்தியது. வேலையைப் பார்த்தால் மரியாதை வருகிறது. அந்த மரத்துண்டின் ரேகையைக்கூடப் பக்கத்து ரேகையோடு சேர்த்திருக்கிறார்.

ஆனால் பிறையை நகத்தால் அழுத்தியபோது லேசாக அசைந்தது. பழைய பசை விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறை திருகை இறுக்கும்போதும் குண்டு விழும் இடம் விரற்கடை அளவு நகர்ந்துகொண்டே இருந்ததற்குக் குழலையும் குறிபார்க்கும் சைட்டையும்தான் இத்தனை நாள் சந்தேகப்பட்டேன். பின்துளையின் சுவரில் ஒரு பக்கம் ஆடும் மரம் என்றால் இறுக்கம் எப்படி ஒரே மாதிரி நிற்கும்?

ஆப்பை எடுத்துவிட்டுத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றை எபாக்சியில் நட்டிருக்கிறேன். உயரத்தை ரிசீவருக்கும் டிரிகர் கார்டுக்கும் இடையே அளந்து அரத்தால் சரிசெய்ய மட்டும் ஒரு மாலை போனது. எபாக்சி இறுகட்டும் என்று இரண்டு நாள் தொடாமல் வைத்திருக்கிறேன். பூட்டியதும் பத்து குண்டு சுட்டு, திருகைத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, அதே தாளில் இன்னொரு பத்து.