கொரோலா ஐட்லிங் சரியானது: நான்கு ஸ்க்ரூ கழன்ற கதை

ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஆர்பிஎம் முள் 750-இல் நிற்கிறது. ஏசி போட்டால் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கிறது. 1993 கொரோலா, 5ஏ-எஃப்இ இன்ஜின், மாமா கையிலிருந்து எனக்கு வந்த வண்டி. போன மழைக்காலம் முழுக்க யாங்கோன் சிக்னல்களில் 900-க்கும் 1800-க்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது இதே முள்தான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. இந்தத் தலைமுறை வண்டிக்குக் கோளாறு பார்க்க ஸ்கேனரே வேண்டாம். சோதனைக் கனெக்டரில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், செக் இன்ஜின் விளக்கே சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லிவிடும். 22 என்றால் தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சார், 31 என்றால் மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) சென்சார், 41 என்றால் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) சென்சார். என் வண்டியில் விளக்கு இடைவெளியே விடாமல் சீராகச் சிமிட்டியது. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் தண்ணீர் சென்சாரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரை இருக்க வேண்டும், இருந்தது.

ஆக, மின்சாரத்தில் குறை இல்லை. காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது ஆர்பிஎம் அளவுக்கு மேல் ஏறினால், வண்டி ஓட்டத்தில் இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிவிடும். வேகம் விழும், மறுபடி பெட்ரோல் விடும், மறுபடி ஏறும். முள் ஆடியதற்குக் காரணம் இதுதான்.

சந்தேகம், த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் ஐட்லிங் வால்வின் மேல் விழுந்தது. த்ராட்டில் பாடிக்கு அடியில் நான்கு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். அந்த நான்கைக் கழற்றுவதுதான் மொத்த வேலையும். அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்க்ரூ, முப்பது வருஷ ஈரமும் சூடும் சேர்ந்து கடித்துப் பிடித்திருக்கிறது. தலை பார்க்க சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ், ஜப்பான் அளவு. தலையில் குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கடையில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. ஃபிலிப்ஸ் நுனி முழுசாக உள்ளே இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலே எகிறித் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் நுனி ஆழமாக இறங்கி, ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

நான் வாங்கியது ஜப்பான் வெஸ்ஸல், பின்பக்கம் சுத்தியலால் தட்டினால் நுனி தானாகக் கொஞ்சம் திரும்பும் வகை. முதல் நாள் ராத்திரி துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். காலையில் நுனியை நேராக வைத்து ஒரு தட்டு. டிக் என்று ஒரு சத்தம், முதல் ஸ்க்ரூ இளகிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்! நான்கும் தலை வழியாமல் வந்தன. பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எந்த டூலை வாங்குவதற்கு முன்னாலும் இதை வாங்குங்கள்.

உள்ளே வால்வு கரி பிடித்துத் திரும்பவே முடியாமல் இருந்தது. கார்ப் கிளீனர், பழைய பல் பிரஷ். மின்சுருள் (coil) இருக்கும் பக்கம் மட்டும் நனையக் கூடாது. கையில் வைத்து ஆட்டினால் உள்ளே தடையில்லாமல் அசையும் வரை சுத்தம் செய்தேன். அதைவிட மோசம், இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட். தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பொடிந்து விழுந்தது. திருட்டுக் காற்று அந்த வழியாகத்தான். டவுனில் ஒரு பழைய உதிரிபாகக் கடைக்கார சயா (இங்கே மரியாதையாக அழைக்கும் சொல்) வண்டி நம்பரைக் கூடக் கேட்கவில்லை, பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து புதுசை எடுத்துக் கொடுத்தார். இந்த மாதிரி ஆட்கள் இருக்கும் வரை இங்கே கொரோலா ஓடும்.

பழைய செடானை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இன்ஜினை நம்பலாம். 5ஏ-எஃப்இயில் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதாது. ஏமாற்றுவது ரப்பரும் கனெக்டரும், நம் ஊர் மழையில் கதவுக்கு அடியில் ஏறும் துருவும்தான். அதனால் வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அப்புறம், மியான்மரில் சாலையின் வலது பக்கத்தில், வலது பக்க ஸ்டீயரிங் வண்டியை ஓட்டுகிறோம், முன்னால் போகும் வண்டி எதிரே வருவதை மறைத்துவிடும். லாரியை முந்த எட்டிப் பார்க்கும்போது வண்டி திணறினால் ஆபத்து. ஐட்லிங்கையும் பிக்கப்பையும் நான் விடாமல் துரத்தியது அதற்காகத்தான்.

அடுத்து முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். பிறகு பெல்ட்டும் வாட்டர் பம்பும் ஒரே கையோடு. அது முடிந்ததும் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாண்டலே வரை ஓட்டிப் பார்க்க ஆசை. ஆனால் இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், இன்னும் பார்க்கவில்லை. டிஇ1, இ1 இணைத்த நிலையில் 10 டிகிரி இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் டைமிங் லைட் தம்பியிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறான்.