வள்ளியூர் தாண்டினால் ஏறும் முள்

சூடாகிறது என்று ஒரு வண்டி வந்தால் எத்தனை டிகிரி என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்போது ஏறுகிறது என்றுதான் கேட்பேன். ஜங்ஷன் நெரிசலிலா, நாற்கரச் சாலையில் விரட்டும்போதா, செங்கோட்டைக்கு அப்பால் மலை ஏறும்போதா? இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வளைகுடாப் பட்டறையில் படிந்த பழக்கம் இது. பாளையங்கோட்டையில் சொந்தமாகக் கடை போட்ட பிறகும் மாறவில்லை.

ஆனால் இங்கே போர்ஷே 930 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதன் சொந்தக்காரர் அண்ணாச்சி எனக்கு ரொம்ப நாள் பழக்கம். பழைய கார்கள் மேல் அவருக்குப் பைத்தியம். "வள்ளியூர் தாண்டினா முள்ளு சரசரன்னு மேல போகுதுவே. ஊருக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றார். வெளியூரில் ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்களாம். செலவுக் கணக்கு ஒரு முழுத் தாள் இருந்தது.

1975இல் வந்த 911 டர்போதான் 930. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்துவதுதான் டர்போ. முதலில் 3 லிட்டர் இன்ஜின். 1978 முதல், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருடன் 3.3 லிட்டர். பின்னால் இன்ஜின், ஆறு சிலிண்டர், அதற்கு ஒரு பெரிய ஃபேன். தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. ஃபேன் காற்று கொண்டுபோகாத சூட்டையெல்லாம் ஆயில்தான் சுமக்க வேண்டும். டர்போவின் பேரிங்குக்கும் அதே ஆயில்தான். அதனால்தான் சுமார் 13 லிட்டர் பிடிக்கிறது. இன்ஜினோடு ஆயிலை ஆற்றும் ஒரு சின்ன கூலர் உண்டு. வலது முன் மட்கார்டுக்குள் இன்னொன்று. பின்னாலிருந்து அதுவரை வலது கதவுக்குக் கீழே இரண்டு பைப்புகள் ஓடுகின்றன.

முதலில் ஆயில் அளவு. இந்த வண்டியில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் ஐட்லிங்கில் ஓடும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். உடனே யாராவது நல்ல மனதோடு இரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். கூடுதல் ஆயில் நுரைக்கும், காற்று போகும் வழியில் ஏறிப் புகையும். அண்ணாச்சி வண்டியிலும் யாரோ அந்தப் புண்ணியத்தைச் செய்திருந்தார்கள். மிச்சத்தை இறக்கினேன்.

அடுத்து ஆயில் சூட்டைக் காட்டும் கேஜ் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட்லைட்டைப் போட்டேன். முள் உடனே ஒரு கோடு மேலே போனது, அணைத்தால் இறங்கியது. விளக்கு போட்டதும் ஆயில் எப்படிச் சூடாகும்? மீட்டருக்குப் பின்னால் எர்த் வயர் பச்சை பிடித்துக் கிடந்தது. சுரண்டி இறுக்கினேன். முள்ளின் ஆட்டம் நின்றது. ஆனால் நாற்கரச் சாலையில் ஓட்டி வந்து டேங்க் மேல் லேசர் தெர்மாமீட்டரைக் காட்டினால் அதுவும் சூடாகத்தான் இருந்தது. கேஜ் மிகைப்படுத்தியது, பொய் சொல்லவில்லை. 100, 110 டிகிரி வரை இந்த இன்ஜினுக்கு நான் கவலைப்பட மாட்டேன். 120ஐத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

இனி கையால் பார்க்கும் வேலை. வலது பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆயில் 80 டிகிரியைத் தாண்டிச் சில டிகிரி போனதும் அது திறந்து ஆயிலை முன் கூலருக்கு அனுப்ப வேண்டும். இன்ஜின் பக்கத்துப் பைப்பில் கை வைக்க முடியவில்லை. அதே தெர்மோஸ்டாட்டிலிருந்து முன்னால் போகும் பைப்பை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது. வெயிலில் நின்ற இரும்பின் சூடுதான் அதில். கூலரின் தகடுகளில் தூசி அடைத்திருந்தால் போகிற பைப், வருகிற பைப் இரண்டுமே சுட்டிருக்கும். இங்கே ஆயில் முன்னால் போகவே இல்லை. ஊருக்குள் இன்ஜினோடு இருக்கும் கூலரே சமாளித்துவிட்டது. நாங்குநேரிக்குத் தெற்கே ஆள் இல்லாத ரோட்டில் டர்போ முழுமூச்சில் வேலை செய்யும்போது அதனால் தாங்க முடியவில்லை. இதற்கு இன்ஜினைப் பிரித்து என்ன பார்ப்பது?

நோய் தெரிந்துவிட்டது, நட்தான் வரமாட்டேன் என்றது. தெர்மோஸ்டாட்டின் உடம்பு அலுமினியம், நட் இரும்பு; பல வருஷ மழையும் சேறும் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தன. கடையில் வேலை பழகும் பையன் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டிக்கொண்டு வந்தான். "ஏலே, பைப் முறுக்கிக்கும், வை கீழ" என்றேன். அந்தப் பைப் முறுக்கிக்கொண்டால் அதற்கு வேறு பைப் தேடுவதுதான் உண்மையான செலவு. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். அப்படியும் ஒரு நட் அசையவில்லை. சின்ன கட்டிங் வீலால் நட்டின் ஒரு பக்கத்தை மெதுவாக அறுத்து, மரை தெரியும் முன் நிறுத்தி, உளியால் ஒரு தட்டு. விட்டுக்கொடுத்தது. பழைய தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுப் பார்த்தோம், அசைவே இல்லை.

புதியதை மாட்டி, காவல்கிணறு போய் ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பினோம். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்று இன்ஜினுக்குச் சுமை, முன் கூலருக்கோ கொண்டாட்டம். முள் ஏறியது, நின்றது, பிறகு கொஞ்சம் இறங்கியது. அண்ணாச்சி ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டியதுதான் எனக்குப் பயம்.

திரும்பி வந்ததும் உடனே சாவியைத் திருகி அணைக்க வேண்டாம், ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள், டர்போ ஆறட்டும் என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அடுத்த வேலையை எடுத்துவிட்டார். கழற்றி வைத்திருக்கும் ஏசியைத் திரும்ப மாட்ட வேண்டுமாம். சூட்டை வெளியே தள்ளும் அதன் கண்டென்சர் பின் மூடியில் இருக்கிறது, அதன் சூட்டை ஃபேன் அப்படியே இன்ஜினுக்குள் இழுக்கும் என்று விளக்கினேன். "அதெல்லாம் சரிதான். பங்குனிக்குள்ள மாட்டிரும்வே" என்றார்.