காய்ந்த ரொட்டிக்கு எட்டு யூரோ

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு சட்டி எண்ணெயைப் பாழாக்கினேன். ஆலிவ் எண்ணெயில் பூண்டு சிவந்துகொண்டிருந்தது. நம் தாளிப்பு மாதிரிதானே என்று எரிகிற அடுப்பிலேயே ஒரு கரண்டி பிமென்டோனை, அதாவது அந்த ஊர் மிளகாய்த்தூளை, போட்டுவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு கறுப்பானது, சமையலறை முழுக்கக் கசப்பு நெடி. வீட்டுக்காரம்மா திட்டவில்லை. சட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "ஈஹா, முதலில் அடுப்பை அணை. எண்ணெய் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் தூள், உடனே ரொட்டி" என்றார். ஈஹா என்றால் மகளே. அந்த ஊர்ப் பக்கம் வயதானவர்கள் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

2016 இலையுதிர் காலம். ஸ்பெயினின் மேற்கே, எஸ்த்ரெமதூரா மாநிலத்தில், கிரெதோஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் லா வேரா என்ற வட்டாரம். அங்கே ஒரு கிராமத்தில் ஐந்து அறை கொண்ட காஸா ரூரால். பழைய கல்வீட்டைச் சீர்படுத்தி விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதற்கு அங்கே அதுதான் பெயர். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்துநாலு வயது. வார இறுதியில் அவருடைய மகள் வருவார். மற்றபடி எல்லாவற்றுக்கும் நான்தான்: படுக்கை விரிப்பு, குளியலறை, காலையில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி, காபி.

திங்கள் முதல் வியாழன் வரை ஈ காக்கை இருக்காது. வெள்ளி இரவு தலைநகர் மத்ரீத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு கார்கள் வந்து சேரும். வியாழனன்று அரசு விடுமுறை வந்தால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் 'புவென்தே', பாலம், என்று பெயர். அந்த வருடம் டிசம்பர் 6 செவ்வாய், 8 வியாழன். இரண்டும் விடுமுறை நாட்கள், நடுவில் மூன்று நாள் லீவு போட்டால், முன்னும் பின்னும் வரும் வார இறுதிகளோடு சேர்த்து ஒன்பது நாள். இப்படி நீண்டுபோனால் அதைப் பாலம் என்று சொல்வதில்லை, 'அகுவேதுக்தோ' என்கிறார்கள். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம். அந்த ஒன்பது நாளில் எங்கள் ஐந்து அறையும் நிரம்பியிருந்தன. மகள் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் சனிக்கிழமைகளில் விருந்தினரைப் பக்கத்துச் செகதேரோவுக்கு அழைத்துப் போவதும் என் வேலை. மிளகாயைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை அது. கீழே தரையில் ஓக் விறகு கனன்றுகொண்டிருக்கும், மேலே மரச்சட்டங்கள் பாவிய தளத்தில் மிளகாய் குவிந்து கிடக்கும். ஸ்பெயினின் தென்கிழக்கே முர்சியாவில் வெயிலில் காயவைப்பது வழக்கம். இங்கே அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் புகை. மழைக்கு ஒதுங்கியவர்கள் கண்டுபிடித்த ருசிதான் இன்றைக்கு உலகம் முழுக்க டப்பாவில் விற்கிறது. பத்துப் பதினைந்து நாள் தினமும் ஆள் உள்ளே போய்க் குவியலைக் கையால் புரட்டவேண்டும். நெருப்பு கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. கொட்டகைக்காரர் இரவில் எழுந்துபோய் விறகைத் தள்ளிவிட்டு வருவார்.

விருந்தினர் உள்ளே நிற்பது பத்து நிமிடம். இருமல், கண்ணீர், நாலைந்து படம், வெளியே வந்து காற்று. ஒரு முறை ஒருவர், "தினமும் இந்த வாசனையிலேயே இருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்" என்றார். கொட்டகைக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினார். மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை, நல்லவேளை.

அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணம் வேறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்த அதே செடிதான் போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கும் வந்தது. ஒரே செடி, நம்மூரில் களத்து வெயிலுக்கும் இங்கே கொட்டகைப் புகைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் எண்ணெயைக் கருக்கியதற்கு இந்தச் சரித்திரம் சமாதானம் ஆகாது என்பது சரிதான்.

சிலர் பாயேயா கேட்பார்கள். அது வலென்சியாவின் சோறு, நாட்டின் எதிர்ப்பக்கக் கடற்கரை. "கடல் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லு, சமைத்துத் தருகிறேன்" என்பார் வீட்டுக்காரம்மா. பக்கத்திலிருக்கும் யூஸ்தே மடத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள், ஸ்பெயினை ஆண்ட சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார்கள். பதவியைத் துறந்து 1557-இல் அங்கே வந்து, அடுத்த வருடமே இறந்தவர். கீல்வாதத்தோடு பியரையும் விடாதவர், சிப்பி வேண்டும் என்று இந்த மலைக்காட்டுக்குத் தருவித்தவர். அதாவது, ஊர்ச் சாப்பாடு அவருக்குப் போதவில்லை.

வந்தவர்கள் தேடிவந்த ஊர்ச் சாப்பாடு மிகாஸ். காய்ந்த ரொட்டியைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, உப்புத் தண்ணீர் தெளித்து, துணியில் மூடி இரவு முழுக்க வைக்கவேண்டும். காலையில் பூண்டு, பன்றிக் கொழுப்புத் துண்டுகள், பிமென்டோன், பிறகு ரொட்டி. அதன்பின் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கிளறல். தோள்பட்டை கழன்றுவிடும். ஆடு மேய்ப்பவர்கள் ஒரே சட்டியைச் சுற்றி நின்று தின்ற சாப்பாடு. ஒரு கரண்டி எடு, ஒரு அடி பின்னால் போ, அடுத்தவனுக்கு வழிவிடு என்று அதற்கு ஒரு சொலவடையே உண்டு. நாங்கள் அதை மண்கிண்ணத்தில் வைத்து எட்டு யூரோ வாங்கினோம். நட்சத்திர ஓட்டலில் பழைய சோறு பரிமாறுகிறார்களே, அதே கதைதான்.

வீட்டுக்காரம்மா மிகாஸ் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ருசி பார்க்க நுனிநாக்கில் வைப்பார், அவ்வளவுதான். பல்லுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீர்ப்பாலம் முடிந்த ஞாயிறு, டிசம்பர் 11. கடைசிக் கார் போனபிறகு சட்டியில் இரண்டு பேருக்கு மிகாஸ் மீந்திருந்தது. அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன். தள்ளிவிட்டார். "உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள் நான். 1952 வரை ரேஷன் அட்டை. அதிலே கிடைத்தது கறுப்பு ரொட்டி, அதையும் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றோம். கொழுப்பு எங்கே, பூண்டு மட்டும்தான். என் பங்கை அப்போதே முடித்துவிட்டேன்" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை, கணக்குச் சொல்கிற தொனிதான்.

பிறகு இரண்டு முட்டையை நிறைய எண்ணெயில் பொரித்தார். அன்று காலை சுட்ட வெள்ளை ரொட்டியை எடுத்து, ஓரத்தைக் கழித்துவிட்டு, நடுவில் இருந்த மென்மையான பகுதியை மட்டும் பிய்த்து மஞ்சள் கருவில் தோய்த்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். நான் கிளறிய மிகாஸை நானே தின்றேன். நன்றாகவே இருந்தது, கசப்பில்லை.

மேசையைத் துடைக்கும்போது அந்த ரொட்டி ஓரங்களைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் துணியில் கட்டி வை. வெள்ளிக்கிழமை மத்ரீத்காரர்கள் வருகிறார்கள்."