வளர்ற பிள்ளைக்கு ஒத்தக் கால்ல வலின்னா நீவி விடாதீங்க, எக்ஸ்ரே எடுங்க

நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலின்னு வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு பயப்பட ஒண்ணும் இருக்காது, எக்சர்சைஸ்லயே சரியாயிடும். ஆனா பத்துலேர்ந்து இருபது வயசுக்குள்ள ஒரு பிள்ளை, ஒரே கால்ல, ஒரே இடத்துல வலின்னு வந்தா, நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்தீங்களான்னுதான் கேப்பேன். காரணம் சார்கோமா.

எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்போட உறை, இதுலல்லாம் வர்ற கேன்சருக்குத்தான் அந்தப் பேரு. பெரியவங்களுக்கு வர்ற கேன்சர்ல 100-ல 1 தான் இது, ஆனா குழந்தைங்கள்ல அதைவிட ரொம்ப அதிகம். வகை மட்டும் 70-க்கு மேல இருக்கு, எல்லாத்தையும் நான் எழுதப் போறதில்ல, வீட்டுல இருக்குறவங்க கண்ணுல படக்கூடியது மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஆஸ்டியோசார்கோமா. பிள்ளைங்க கிடுகிடுன்னு உயரமாகுற வயசுல, எலும்பு எங்க வேகமா வளருதோ அங்கயே வரும், பெரும்பாலும் முட்டிக்கு மேல தொடை எலும்போட கீழ்முனை, இல்ல முட்டிக்குக் கீழ, சில பேருக்கு தோள்பட்டை கிட்ட. விளையாடுறப்ப வந்துட்டுப் போற வலி, அப்புறம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குற வலியாகி, வீக்கம் வந்து, நொண்ட ஆரம்பிப்பாங்க. வீட்டுல கேட்டா கிரிக்கெட் ஆடுறப்ப அடிபட்டதுன்னுதான் சொல்வாங்க. அடிபட்டதால இது வர்றதில்லங்க, அடிபட்டப்பதான் அந்தக் காலைக் கவனிக்கிறோம். வளர்ற வயசு வலி வேற, அது ரெண்டு கால்லயும் மாறி மாறி ராத்திரில வரும், காலைல பிள்ளை துள்ளிக் குதிச்சு ஓடும், வீக்கம் இருக்காது.

எனக்கு ஆத்தாமையா இருக்குறது, இந்த வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு நீவி, நாட்டுக் கட்டு கட்டி, மாசக்கணக்குல வீட்டுலயே வச்சிருக்கிறதுதான். இந்தக் கட்டியை அழுத்தி நீவவே கூடாது. நாள் தள்ளத் தள்ள அது நுரையீரலுக்குப் போக வழி விடுறோம்.

ஈவிங் சார்கோமாவும் இதே வயசுலதான், ஆனா எலும்போட நடுப்பகுதி, இடுப்பு எலும்பு, விலா எலும்புன்னு வரும். இதுல சில பேருக்கு காய்ச்சல் இருக்கும், வீங்கின இடம் சூடா இருக்கும், ரத்த டெஸ்ட்லயும் இன்ஃபெக்‌ஷன் மாதிரியே காட்டும், அதனால எலும்புல சீழ்னு ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டே இருந்துடுவாங்க. காண்ட்ரோசார்கோமா நாப்பது வயசுக்கு மேல, குருத்தெலும்பு வகை, பெரும்பாலும் கீமோ, அதாவது கேன்சர் மருந்து, கேக்காது, ஆபரேஷன்தான்.

எலும்பு இல்லாம சதைல வர்றது இன்னும் ஏமாத்தும், ஏன்னா பெரும்பாலும் வலிக்காது. வலிக்கலையே, கொழுப்புக் கட்டிதான்னு விட்டுடுவாங்க. எலுமிச்சம்பழம் சைஸுக்கு மேல, அதாவது 5 செ.மீ. தாண்டினாலோ, வளந்துட்டே இருந்தாலோ, ஆழத்துல அசையாம இருந்தாலோ, எடுத்த இடத்துலயே திரும்ப வந்தாலோ காட்டியே ஆகணும். சைனோவியல் சார்கோமா மட்டும் சின்னதாவே முட்டி, கணுக்கால் பக்கம் வருஷக்கணக்குல இருக்கும், அதனால சின்னதுன்னும் அசட்டையா விடாதீங்க. குழந்தைக்கு ஒரு கண்ணு முன்னாடி துருத்திக்கிட்டு வந்தா ராப்டோமயோசார்கோமாவான்னு பாக்கணும். வயசானவங்க தலைல, அடியே படாம, ஆறாத ரத்தக்கட்டு மாதிரி பரவினா ஆஞ்சியோசார்கோமாவா இருக்கலாம். வயித்துக்குள்ள வர்ற லைப்போசார்கோமா ரொம்பப் பெருசாகுற வரைக்கும் வெளிய தெரியவே தெரியாது.

கால் எடுத்துடுவாங்கன்னு பயந்து ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடிப் போறவங்களுக்கு ஒண்ணு. கனடால டெர்ரி ஃபாக்ஸ்னு ஒரு பையன், ஆஸ்டியோசார்கோமாவால 1977-ல ஒரு காலை எடுத்துட்டாங்க, 1980-ல செயற்கைக் காலோட கேன்சர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 143 நாள்ல 5,373 கி.மீ. ஓடினார், நுரையீரலுக்குப் பரவி 1981-ல, 22 வயசுல இறந்துட்டார். இன்னைக்கு நிலைமை அது இல்ல. மொதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், திரும்ப கீமோ. பரவுறதுக்கு முன்னாடி வந்தா பாதிக்கு மேல பிழைக்கிறாங்க, நிறைய பேருக்கு கெட்ட எலும்பை மட்டும் எடுத்துட்டு உலோக எலும்பு வச்சு காலையே காப்பாத்திடுறாங்க, நம்ம சென்னைலயே பல வருஷமா செய்றாங்க.

ஆனா அதுக்கு பயாப்சி, அதாவது கட்டிலேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது, சரியா நடந்திருக்கணும். சின்னக் கட்டிதானே, மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. மொதல்ல எம்ஆர்ஐ, அப்புறம் ஊசி பயாப்சி, அதுவும் கடைசியா ஆபரேஷன் பண்ணப் போற டாக்டரே எடுத்தாலோ, அவர் சொல்ற இடத்துல எடுத்தாலோ நல்லது, ஏன்னா ஊசி போன பாதையையும் சேத்துதான் வெட்டி எடுப்பாங்க, கண்ட இடத்துல கத்தி வச்சா காப்பாத்தக்கூடிய காலும் போயிடும். ஏற்கனவே வேற இடத்துல எடுத்தாச்சுன்னா ரிப்போர்ட்டோட, எடுத்த சதை இருக்குற கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க, பெரிய ஆஸ்பத்திரில மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.