ஒற்றை விளக்கில் ஒரு மனை

'பிரமயுகம்' பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த இரவே இந்த ஆசை பிடித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம். 17ஆம் நூற்றாண்டு, தென்மலபார். உயிர் பிழைக்கக் காட்டுக்குள் ஓடிவரும் பாணன் ஒருவன் வழி தவறி, பாழடைந்த ஒரு மனைக்குள் நுழைகிறான் (மனை என்றால் அங்கே நம்பூதிரிகளின் பெரிய வீடு). உள்ளே வீட்டுக்காரர் கொடுமண் போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும். அப்புறம் அந்த வீட்டை விட்டு அவனால் வெளியே வர முடிவதில்லை. முழுப் படமும் கறுப்பு வெள்ளை. போற்றியாக வரும் மம்மூட்டியின் குரலும் சிரிப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அந்த வீடுதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

அட்டையில் வீடு செய்வது என் நெடுநாள் பழக்கம். இதுவரை செய்ததெல்லாம் பகலில் பார்ப்பதற்கான வீடுகள். இந்த முறை இருட்டில் மட்டும் பார்ப்பதற்கு ஒன்று: ஒரு மனையின் பூமுகம் (வாசல் முகப்பு), நடுமுற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம், மழை, விளக்கு. செய்து முடித்து, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னக் காட்சி எடுக்க வேண்டும். படத்தில் வரும் மனையை நகலெடுக்க நினைக்கவில்லை. அந்த அச்சத்தை என் கையால் ஒரு தடவை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அளவும் கூரையும்

அளவு இருபதில் ஒன்று. 160 சென்டிமீட்டர் கதவு 8 சென்டிமீட்டர் ஆகும்.

நான் இருப்பது தக்கலைப் பக்கம், பத்மநாபபுரம் அரண்மனை கைக்கெட்டும் தூரம். திருவிதாங்கூர் கொட்டாரமும் (அரண்மனையும்) மலபார் மனையும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனால் 1600களின் தொடக்கத்தில் எழும்பிய மரவீட்டுக்குள் வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்கு இல்லை. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்து முற்றத்தின் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே உச்சிவெயில். இறவாணம் தாழ்ந்து இறங்குவதால் வெயில் நேராக உள்ளே வராது. முற்றத்தில் விழுந்து, தரையில் பட்டு, அடியிலிருந்து ஏறி வருகிறது. எதிர்த் தூணருகே நின்ற ஒரு அண்ணாச்சியின் தாடைக்கடியில் வெளிச்சம், கண்குழியில் இருட்டு. பட்டப்பகலிலேயே அப்படி. இதைக் குறித்துக்கொண்டேன்.

மில்போர்டில் சுவர், பலகைக் குச்சியில் தூண், தீக்குச்சியில் கூரையைத் தாங்கும் கழுக்கோல். கூரைக்கு மங்களூர் ஓடு போலப் பள்ளம் பள்ளமாக அட்டை வெட்டி, பாதிக்கு மேல் ஒட்டியும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது: பாசல் மிஷன் என்ற ஐரோப்பிய மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுச்சாலை தொடங்கியது 1865ல். 17ஆம் நூற்றாண்டு வீட்டில் அந்த ஓடு எப்படி வரும்? மூன்று நாள் வேலையைப் பிய்த்துப் போட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் தெரிந்த பிறகு விட மனம் வரவில்லை. காய்ந்த பனையோலையை ஈர்க்கு அகலத்துக்குக் கிழித்து, அடியிலிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டினேன். இது நன்றாகவே வந்தது. ஓலை நுனிகள் சீராக இல்லாததால் விளக்கு வெளிச்சத்தில் சுவர்மேல் பல்வரிசை மாதிரி நிழல் விழுகிறது.

பசை காயும் நேரத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி என்ற மலையாள எழுத்தாளர் கேரளத்துப் பழங்கதைகளைத் தொகுத்த 'ஐதிஹ்யமாலை'யைப் படித்தேன். சாத்தன்மாரை, அதாவது குட்டிச்சாத்தான்களை, ஏவி வேலை வாங்கும் குஞ்சமண் போற்றி அதில் வருகிறார். படத்தின் பாத்திரத்துக்கும் முதலில் அந்தப் பெயர்தான் வைத்திருந்தார்கள். கோட்டயத்துப் புஞ்சமண் இல்லத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே கொடுமண் போற்றி ஆனது. எங்கள் பக்கத்திலும் ராத்திரியில் கூரையில் கல் விழுந்தால் குட்டிச்சாத்தான் ஏவல் என்பார்கள். ஏவுகிறவன் ஒருவன், ஏவப்படுவது ஒன்று என்பதுதான் நாம் கேட்ட கதை. அந்த வரிசையையே படம் புரட்டிப் போடுவதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாயம்

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தக் கட்டம். வெட்டுக்கல் சுவருக்குச் செங்காவி, அதன்மேல் பாசிக்குக் கரும்பச்சை. கண்ணுக்கு அவ்வளவு அழகு. போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன், பாசியே இல்லை. சுவர் முழுக்க ஒரே சாம்பல். காவியும் பச்சையும் நிறத்தில்தான் வேறு, வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கனம். அன்றிலிருந்து போனை ஸ்டாண்டில் நிறுத்தி, கறுப்பு வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே சாயம் அடித்தேன். பாசியில் மஞ்சள் கலந்து வெளிறச் செய்தேன், காவியில் கரிப்பொடி சேர்த்து இருட்டினேன். பகல் வெளிச்சத்தில் மிகச் சரியாக வந்தது.

ராத்திரி விளக்கைப் போட்டால் மறுபடி தலைகீழ். மஞ்சள் விளக்கில் சிவப்புதான் அதிகம், நீலமும் பச்சையும் குறைவு. சிவந்த சுவர் அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது, பச்சைப் பாசி விழுங்கிவிடுகிறது. பகலில் வெளிறித் தெரிந்த பாசி, விளக்கடியில் சுவரில் ஈரம் ஊறின மாதிரி கறுத்துக் கிடந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டியதே அதுதான். கடைசியில் எந்த விளக்கில் எடுக்கப் போகிறேனோ அதையே போட்டுக்கொண்டு, ராத்திரியில் உட்கார்ந்து இரண்டாம் பூச்சு முடித்தேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் முதல் நாளே அப்படி உட்காருங்கள், பாதி நேரம் மிச்சம்.

மழை

படத்தில் மழை விடாமல் பெய்கிறது. மழையே வேலி மாதிரி. அதனால் மழை இல்லாமல் காட்சி எடுக்க மனமில்லை.

முதலில் மீன்தொட்டிக் குழாயில் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு இறவாணத்துக்கு மேல் கட்டினேன். சொட்டு ஒன்று 4 மில்லிமீட்டர் வந்தது. இருபதால் பெருக்கிப் பாருங்கள், 8 சென்டிமீட்டர். கூரையிலிருந்து மாங்காய் உதிர்வது போலத் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, சலூனில் தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலுக்கு மாறினேன். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் துளிகள் தெரியும், முன்னாலிருந்து அடித்தால் மழையே காணாது.

அடுத்தது வேகம். 2.4 மீட்டர் உயர இறவாணத்திலிருந்து துளி தரைக்கு வர ஏறக்குறைய 0.7 விநாடி. என் வீட்டில் அந்த உயரம் 12 சென்டிமீட்டர், 0.16 விநாடியில் விழுந்துவிடும். அதாவது நாலரை மடங்கு வேகம். இருபதின் வர்க்கமூலம் எடுத்தாலும் அதே 4.47 வரும். சினிமாவில் விநாடிக்கு ஓடும் 24 பிரேமை அதால் பெருக்கினால் 107. போனில் 120 பிரேமில் எடுத்து மெதுவாக ஓட்டினேன், துளிக்குக் கனம் வந்துவிட்டது. சின்னத் தண்ணீர் பெரிய தண்ணீராகத் தெரிந்த அந்த ராத்திரி எனக்கு உறக்கமே வரவில்லை.

ஆனால் படம் முழுக்க ஒரு துடிப்பு. பின்னால் வைத்த பல்பு கரண்டில் எரிகிறது, விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, 120 பிரேம் அதைப் பிடித்துவிடுகிறது. பேட்டரி டார்ச்சுக்கு மாறியதும் சரியானது. அடுத்த சிக்கல், 120 பிரேமுக்கு வேண்டிய வெளிச்சம் வீட்டுக்குள் இருக்கும் சின்ன விளக்கில் இல்லை, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டேன். வீடு தனி. மழையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் தனியாக எடுத்து, எடிட்டிங் ஆப்பில் ஸ்கிரீன் முறையில் மேலே ஏற்றுவது. துணியின் கறுப்பு காணாமல் போய் துளி மட்டும் நிற்கும்.

விளக்கு

உண்மையான திரி உதவாது. 2 சென்டிமீட்டர் சுடர் இந்த வீட்டில் 40 சென்டிமீட்டர் ஆகிவிடும். கார்த்திகைக்கு வாங்கிய பேட்டரி அகல் ஒன்றைப் பிரித்து, உள்ளே நடுங்கி எரியும் குட்டி எல்இடியை எடுத்துக்கொண்டேன். அப்படி மூன்று: பூமுகத்தில் ஒன்று, முற்றத்தோரம் ஒன்று, தாழ்வாரக் கடைசியில் ஒன்று. தாழ்வாரத் தூண்களை முன்னால் 12 சென்டிமீட்டரில் தொடங்கிப் பின்னால் 6 சென்டிமீட்டர் வரை குறைத்து, இடைவெளியையும் சுருக்கிக்கொண்டே போயிருந்தேன். ஒரு முழம்கூட இல்லாத தாழ்வாரம் முடிவே இல்லாமல் நீண்டு தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தும் பயம் மட்டும் வரவில்லை. கோயில் பிரகாரம் மாதிரி அமைதியாக இருந்தது.

இரண்டு வாரம் இதிலேயே போனது. ஒரு நாள் ஆச்சி வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு மக்கா இத்தன வெளக்கு?"

"அந்தக் காலத்து வீடு ஆச்சி."

"அந்தக் காலத்துல ஏது மூணு வெளக்கு? வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். அது பெரியவரு கையில இருக்கும். அவரு எங்க போறாரோ அங்கதான் வெட்டம். நாங்க பின்னால தடவித் தடவிப் போவோம்."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படத்தில் போற்றியிடம் பகடையில் தோற்ற பாணன் அந்த வீட்டில் நாளும் பொழுதும் தெரியாமல் கிடக்கிறானே, அதை நான் எங்கே யோசித்தேன்? இருட்டை அழகாகச் செய்யத்தான் பார்த்திருக்கிறேன். அந்த இருட்டு யாருடைய இருட்டு என்று கேட்கவே இல்லை.

அன்றே மூன்று விளக்கையும் எடுத்துவிட்டேன். களிமண்ணில் எட்டரை சென்டிமீட்டருக்கு ஓர் உருவம் செய்தேன். இடுப்பில் முண்டு, வெற்று மார்பு, முகம் செதுக்கவில்லை. முதுகு வழியாக வயரை இறக்கி, மார்புக்குக் கீழே நீட்டிய கையில் ஒரே ஒரு எல்இடி. தாழ்வாரத்தின் நடுவில் நிறுத்தினேன். தாடையும் புருவ எலும்பும் மட்டும் வெளிச்சத்தில், அரண்மனை முற்றத்தில் பார்த்த அதே முகம். உருவத்தை ஓர் அங்குலம் நகர்த்தினால் எல்லாத் தூண்நிழலும் சேர்ந்து நகர்கிறது. வீடே அந்த ஆளுக்குக் கட்டுப்பட்டது போல. என் கைதான் நகர்த்துகிறது என்று தெரிந்தும் முதுகு சிலிர்த்தது.

இப்போது எங்கே நிற்கிறது

இதுவரை 23 தடவை எடுத்திருக்கிறேன். களிமண் கையில் வயர் தெரிவது இன்னும் தீரவில்லை, விரல்களை மறுபடி செய்ய வேண்டும். கடைசித் தடவையில் பேட்டரி தீரும் நிலையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வற்றத் தொடங்கியது. முதலில் கடைசித் தூண் போனது, அப்புறம் அதற்கு முந்தையது, ஒவ்வொன்றாக இருட்டு முன்னால் நடந்து வந்தது. கடைசியில் அந்தத் தாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அந்தத் துண்டு 14 விநாடி. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மழையை இன்னும் அதன்மேல் ஏற்றவில்லை.